காட்டுச் சருகும் ஒரு சிற்றெறும்பும்

கமத்தொழில் செய்வோருக்கு எறும்பு புதிய விஷயமன்று. வயல் வரம்பிற் புற்றெடுக்கும் கட்டெறும்பையும், மாமரத்து இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டும் முசுறையும், நாற்றுமேடையில் விதைத்த விதையை இரவோடிரவாக இழுத்துச் செல்லும் சிற்றெறும்பையும் அவர்கள் நன்கறிவர். இவற்றுள் எது நட்டஞ் செய்யும், எது செய்யாது என்பதே அவர்களுடைய வினா. அவ்வினாவுக்கு விடை கிடைத்தபின் எறும்பைப்பற்றி மேலும் விசாரிக்க அவர்களுக்கு அவகாசமில்லை. இது குறைகூறத் தக்கதன்று. நிலத்தை நம்பிச் சீவிப்பவன் நிலத்துக்கு உதவுவதையும் உதவாததையுமே முதலிற் பார்ப்பான்.

ஆயினும், நமது நாட்டின் ஈரவலயக் காடுகளில், உக்கிய சுள்ளிகளுக்குள்ளும் இலைச்சருகின் அடியிலும் வாழும் ஓர் எறும்பைப்பற்றி நிலமுடையோரும் கிராம உத்தியோகத்தரும் அறிந்திருத்தல் நன்று. அது பயிருக்குத் தீங்கு செய்வதன்று. பயிருக்கு நேரான நன்மை செய்வதாகவும் கூற முடியாது. அது குடியிருக்கும் இடமே இங்குக் கவனிக்கற்பாலது. அவ்விடம் நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் காட்டோரத்து நிலச் சொந்தக்காரர் கையிலும், காணி விஷயமாக மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் உத்தியோகத்தர் கையிலுமே இருக்கின்றன.

எறும்பின் வரலாறு

அனியூரேற்றஸ் சிமோனி என்பது அவ்வெறும்பின் சாத்திரப் பெயர். இதன் வேலையெறும்பு இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ளது. அஃதாவது ஓர் எள்ளின் அளவினது. மஞ்சள் நிறம் வாய்ந்தது. பிரெஞ்சு தேசத்துச் சிலந்தி நூல் வல்லுநராகிய சிமோன் என்பவர் 1892 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து கண்டிப் பகுதியிற் சேகரித்த பூச்சிகளுள் இதுவும் ஒன்றாகும். இத்தாலிய அறிஞராகிய எமெரி என்பவர் 1893 ஆம் ஆண்டு இதனை ஆராய்ந்து விவரித்து, சேகரித்தவரின் பெயரையே இதற்குச் சூட்டினார்.

ஒரு சிறு எறும்பைக் குறித்து அறிஞர் இத்துணை அக்கறை கொண்டது ஏன் என்று சிலர் கேட்கலாம். காரணம் யாதெனில், இவ்வெறும்பின் குடும்பத்தில் இன்று உயிரோடிருப்பது இஃது ஒன்றே. இதன் இனத்தார் முற்காலத்தில் உலகின் பல பாகங்களிற் பரந்திருந்தனர். வட ஐரோப்பாவிற் பாற்றிக் கடற்கரையில் அகப்படும் அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினுள், ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்குண்ட இக்குடும்பத்து எறும்புகள் காணப்பட்டிருக்கின்றன. அமெரிக்க நாட்டுக் கற்படைகளிலும் இக்குடும்பத்தின் சுவடுகள் உள. அவையெல்லாம் மாண்டொழிந்தன. எஞ்சிய ஒரு கிளை இலங்கையின் மழைக்காட்டிலன்றி வேறெங்கும் இல்லை. தொன்மையான பெருங்குடி ஒன்று நாடெங்கும் அற்றுப்போய், ஒரே ஊரில் ஒரே வீட்டில் விளக்கெரிவது போன்றது இதன் நிலை.

மற்றுமொரு சிறப்பும் இதற்குண்டு. கொட்டுங் கொடுக்கை இழந்துவிட்ட ஓர் எறும்புக் குலத்துக்கு இது மிக நெருங்கிய உறவினது. ஆயின், இதற்கு நன்கமைந்த கொடுக்கு உண்டு. ஆதலால், எறும்பினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த முறையை ஆராய்வோருக்கு இது ஒரு பழைய ஆவணம் போன்றது. காணி வழக்கில் மூல உறுதி எத்துணைப் பெறுமதியுடையதோ, அத்துணைப் பெறுமதி இதற்கும் உண்டு. உறுதி தொலைந்தால் பிரதி எடுக்கலாம். இது தொலைந்தால் பிரதி எடுக்க வழியில்லை.

1955 ஆம் ஆண்டு, பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எறும்பு நூலறிஞராகிய எட்வேட் வில்சன், தம் இளம் வயதில் இதனைத் தேடி இலங்கைக்கு வந்தார். முன்னர் இது கிடைத்த கண்டிப் பகுதியிலே, உடவத்தகலைக் காட்டிற் பல நாள் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. பின்னர் அவர் இரத்தினபுரிக்குச் சென்று, சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள கிலிமலேக் காட்டிற் புகுந்தார். அங்கே தரையிற் கிடந்த உக்கிய சுள்ளிகளை முறித்துப் பார்த்தபோது இவ்வெறும்பு கூட்டங் கூட்டமாகக் காணப்பட்டது. அவரும் அவருடைய சகாக்களும் 1956 ஆம் ஆண்டு இதைப்பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். 1985 ஆம் ஆண்டு ஜயசூரிய, திரானியெல்லோ என்னும் இருவர் இதன் வாழ்க்கை முறையை ஆராய்ந்து எழுதினர். ஒரு கூட்டத்திற் பெரும்பாலும் நூறு வேலையெறும்புகளுக்கு மேல் இருப்பதில்லை என்பது அவ்வாராய்ச்சியால் அறியப்பட்டது. 1996 ஆம் ஆண்டு இது மிகவும் ஆபத்துக்குள்ளான இனமாகச் சர்வதேசச் செந்நூற் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதன்பின் நமது நாட்டு ஆராய்ச்சியாளர் செய்த தேடுதலில், சிங்கராஜ வனம் முதலாக ஈரவலயத்தின் வேறு சில காடுகளிலும் இது கண்டுபிடிக்கப்பட்டமை ஆறுதலளிக்கும் செய்தியாகும். எனினும், அவையெல்லாம் துண்டு துண்டாய்க் கிடக்கும் காடுகள். ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குத் தேயிலைத் தோட்டத்தையும் தார் வீதியையும் கடந்து இத்துணைச் சிறிய எறும்பு பெயர்ந்து செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

கண்டிப் பகுதியிற் கிடைத்தது 63 ஆண்டுகளின் பின் அங்குத் தேடியபோது அகப்படவில்லை என்பதை இங்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். உடவத்தகலையில் மரங்கள் நின்றன, நிழலும் இருந்தது. மரம் நிற்பதனாற் காடு முழுமையாக இருக்கின்றது என்று எண்ணுவது தவறாகலாம் என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

சருகு செய்யும் தொழில்

காட்டின் தரையிற் கிடக்கும் சருகு வெறுங் குப்பையன்று. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அத்துணை மழையும் வெறுந் தரையில் நேரே விழுமாயின் மண் கரைந்து ஆற்றோடு போய்விடும். உயர்ந்த மரத்தின் கவிகை முதலில் மழையின் வேகத்தைத் தணிக்கின்றது. ஆயினும், உயரத்து இலைகளிலிருந்து சொட்டும் பெருந்துளிக்கும் மண்ணைக் கிளறும் வலிமை உண்டு. அத்துளியைத் தாங்குவது சருகுப் படையே. அது நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மெல்ல மெல்ல மண்ணுக்குட் செல்ல விடுகின்றது. மழை நின்று பல நாள் கழிந்தும் மலையோடையில் நீர் வற்றாதிருப்பதற்கு இது முக்கியமான காரணமாகும்.

இனி, ஈரவலயத்து மலைமண் பார்வைக்கு வளமுடையதாகத் தோன்றினும் இயற்கையில் வளங் குறைந்தது. மிகுந்த மழையினால் அதன் சத்து அடியிற் கழுவப்பட்டுப் புளித்தன்மை அடைந்திருக்கின்றது. அம்மண்ணின் மேற் பெருங் காடு நிற்பது எவ்வாறு? உதிர்ந்த இலையை விரைவில் உக்கச் செய்து, அதன் சத்தை மீண்டும் வேருக்குக் கொடுக்கும் ஏற்பாட்டினாலேயாம். இவ்வேலையைக் காளான், கறையான், மரவட்டை, மண்புழு, சிற்றுண்ணி, துள்ளுபூச்சி, எறும்பு என எண்ணிறந்த சிற்றுயிர்கள் செய்கின்றன. ஒன்று இலையை அரிக்கின்றது. ஒன்று அரித்ததைத் தின்கின்றது. ஒன்று தின்னும் பூச்சியைப் பிடித்துண்டு பெருக்கத்தை அடக்குகின்றது. இந்த எறும்பும் அக்கூட்டத்தில் ஒரு தொழிலாளி. காட்டை வெட்டிய நிலத்தில் முதலிரண்டு போகம் நன்றாக விளைந்து, பின்னர் விளைவு சுருங்குவதைக் கமக்காரர் அனுபவத்தில் அறிவர். முதலில் விளைந்தது காடு சேர்த்துவைத்த முதலைச் செலவழித்ததனாலேயே. முதல் தீர்ந்தபின் வட்டிக்கு இடமேது?

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பனையோலையையும் பூவரசு முதலிய மரங்களின் தழையையும் தோட்டத்திற் புதைத்துப் பயிர் செய்த வழக்கம் யாவரும் அறிந்ததே. இலையின் அருமையை அவர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. தோட்டத்திற்கு வேண்டிய இலையை அவர்கள் வேலியிலேயே வளர்த்தனர் என்பதைத்தான் ஈரவலயத்தார் கவனித்தல் வேண்டும்.

மறுப்புக்கு விடை

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "குடியானவனுக்கு அரை ஏக்கர் நிலம் இல்லாதபோது கண்ணுக்குத் தெரியாத எறும்புக்குக் காடு ஒதுக்குவதா?" என்று கேட்போர் பலர். இக்கேள்வியை ஏளனஞ் செய்தலாகாது. காணியற்றோரின் கஷ்டம் மெய்யானது. ஆனால், கிலிமலேக் காட்டிலிருந்து வெட்டி எடுக்கும் அரை ஏக்கர் சரிவு நிலம் அக்குடியானவனை எத்தனை ஆண்டு காப்பாற்றும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மேல்மண் கழுவப்பட்ட சரிவில் வைத்த தேயிலைக்கு ஆண்டுக்காண்டு பசளைச் செலவு ஏறும். கீழே வயல் செய்பவனுக்கு வாய்க்காலில் மண் நிரம்பும். ஒருவனுக்குக் கொடுத்த அரை ஏக்கர், கீழே பத்துப் பேரின் நீரைக் கெடுக்குமாயின் அது தர்மமன்று.

களுகங்கையும் களனிகங்கையும் சிவனொளிபாதமலைப் பிரதேசத்திலேயே உற்பத்தியாகின்றன. 2003 ஆம் ஆண்டு மே மாதத்திலும், 2017 ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி முதலிய மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் நேர்ந்து, ஒவ்வொரு முறையும் நாட்டில் இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். காட்டுச் சருகு இருந்திருந்தால் இவ்வனர்த்தங்கள் நேர்ந்திரா என்று கூறுவது மிகையாகும். அத்தகைய பெருமழையை எந்தக் காடும் முற்றாகத் தாங்காது. ஆனால், காட்டுத் தரை கெட்டவிடத்து அதே மழையின் கேடு மிகும் என்பதிற் சந்தேகமில்லை.

மற்றொரு சாரார், "இவ்வெறும்பினால் ஆய பயன் யாது?" என்பர். இப்பொழுது கைமேல் எடுத்துக்காட்டத்தக்க பயன் இல்லை என்றே நேர்மையாக விடை கூறல் வேண்டும். ஆனால், பயன் இன்று தெரியாமையால் என்றும் இல்லை என்று முடிவுசெய்தல் அவசரமாகும். தேயிலை இலையைச் சுருட்டிக் கெடுக்கும் புழுவினால் மலைநாட்டுத் தோட்டங்கள் பெரு நட்டமடைந்த காலத்தில், 1935 ஆம் ஆண்டையடுத்து யாவா தேசத்துப் பக்கத்திலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவந்து விடப்பட்டது. அக்குளவி அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழித்தது; தோட்டங்கள் பிழைத்தன. பின்னாளில் வேறொரு பூச்சிக்கெதிராகத் தெளித்த கடும் நஞ்சு அக்குளவியையும் மாய்த்தபோது, அடங்கியிருந்த சுருட்டுப்புழு மறுபடியும் தலையெடுத்தது. அக்குளவி தன் சொந்த நாட்டில் எவருடைய கவனத்துக்கும் உரியதாயிராத ஒரு சிற்றுயிரே. அதனை முன்னரே அழித்திருந்தால் வேண்டியபோது எங்கிருந்து தருவித்திருப்பர்?

அன்றியும், பயன் என்பது ஒன்று. உடைமை என்பது மற்றொன்று. பரம்பரையாக வந்த பொருளை அதன் விலை தெரியவில்லை என்பதற்காக எவரும் தெருவில் எறிவதில்லை. உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாத ஒன்று நமது மாவட்டத்துக் காட்டில் இருக்குமாயின், அதனைக் காப்பதும் நமது பொறுப்பேயாம். பிறர் வந்து காப்பார் என்று இருத்தல் இயலாது.

சட்டமும் ஊரும்

அரசாங்கம் தன் பங்கிற்குச் சில ஏற்பாடுகள் செய்திருக்கின்றது. சிங்கராஜ வனத்தில் 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரம் வெட்டப்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்பினால் அது நிறுத்தப்பட்டு, 1978 ஆம் ஆண்டு அவ்வனம் உயிர்க்கோள ஒதுக்கமாகவும், 1988 ஆம் ஆண்டு உலக மரபுரிமையாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2010 ஆம் ஆண்டு சிவனொளிபாதமலை வனமும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைக்காடும் மத்திய மலைநாடு என்னும் பெயரால் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. 1951 ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு முன்னரே ஏற்பட்ட காட்டுக் கட்டளைச் சட்டமும் நூலில் உள்ளன.

இவை யாவும் நல்லனவே. ஆயினும், சட்டம் காட்டின் எல்லைக் கல்வரையிலேதான் செல்லும். காட்டின் கேடு எல்லைக் கல்லிலிருந்தே தொடங்குகின்றது. தோட்டத்துக்காரன் தன் தேயிலை ஓரத்தைத் துப்புரவாக்க வைத்த தீ காட்டின் சருகிற் பற்றுகின்றது. விறகுக்குப் போனவர் பச்சை மரத்தைத் தொடாமல், கீழே கிடக்கும் உக்கிய கட்டையைப் பொறுக்கி வருகின்றார். மரத்தைத் தொடாததாற் குற்றமில்லை என்று நினைக்கின்றார். ஆனால், அந்த உக்கிய கட்டையே இவ்வெறும்பின் வீடு. ஏலம் வைப்பவர் மேல்மரத்தை நிறுத்திவைத்துக் கீழ்ச்செடியையும் கன்றுகளையும் செதுக்குகின்றார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் காடு நிற்பதாகவே தோன்றும். வெளிச்சம் புகுந்து தரை காய்ந்தவிடத்து, மனிதர் நடமாடும் இடமெங்கும் பரவும் வலிய எறும்புகள் வந்து குடியேறிவிடும். நூறு பேர் கொண்ட சிறு கூட்டம் அவற்றோடு போராடி நிலைக்க மாட்டாது.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்திற் கமக்காரர் பட்ட அல்லல் இன்னும் மறக்கப்படவில்லை. தயாரிப்பின்றிச் சேதனப் பசளையை நாடுபவர்க்கு அயலிலுள்ள காட்டுச் சருகு இலவசப் பண்டமாகவே தோன்றும். பசளை விலை ஏறும் ஒவ்வொரு முறையும் இந்த ஆசை எழும். காட்டுச் சருகைச் சாக்கிற் கட்டிக் கொணர்ந்து தோட்டத்திலிடுதல் தலைமாட்டை வெட்டிக் கால்மாட்டில் வைப்பதாகும். மேலே தரை வறண்டு நீர் குறையும். கீழே தோட்டத்துக்கு வந்த சத்து ஒரு போகத்தோடு முடியும். ஒதுக்கக் காட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பது வேறு.

செய்யத்தக்கவை

நிலமுடையோர் செய்யத்தக்கவை சிலவே. அவை பெருஞ் செலவுடையனவுமல்ல. முதலாவது, வேண்டிய தழையைத் தம் காணியிலேயே விளைவித்தல். சீமைக்கிளுவை என்னும் கிளிரிசிடியாவை வேலியிலும் வரம்பிலும் நாட்டினால் வருடத்திற் பல முறை வெட்டலாம். தழை காற்றிலுள்ள நைதரசனைச் சேர்த்துத் தரும், தடி விறகாகும், ஆடுமாட்டுக்கும் உணவாகும். 2005 ஆம் ஆண்டு அரசாங்கம் இம்மரத்தைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றதும் இப்பயன்கள் கருதியே.

இரண்டாவது, காட்டை ஒட்டிய எல்லையிற் சில யார் அகலத்துக்கு மரமும் செடியும் தாமாக வளரவிட்டு, அவ்வோரத்தில் தீ வையாதிருத்தல். மூன்றாவது, அவ்வோரத்திற் களைநாசினி தெளியாதிருத்தல். நான்காவது, வெட்டிய களையையும் கவாத்துக் கழிவையும் எரிக்காமற் செடியின் அடியிற் பரப்புதல், மிஞ்சியதைக் கூட்டெருவாக்குதல். விறகுக்குக் காட்டின் கட்டையைத் தேடுவோர் இம்மரத்தின் தடியையும் இறப்பர் மரத்துக் கழிவையும் கொள்ளலாம்.

கிராம உத்தியோகத்தரின் கடமை இன்னும் பெரிது. ஒதுக்கக் காட்டுக்கு வெளியே நிற்கும் சிறு காட்டுத் துண்டுகளைப்பற்றி மேலிடத்தார் அறிவது பெரும்பாலும் அவர்கள் எழுதும் அறிக்கையினாலேயே. "புதர் மண்டிய தரிசு" என்று ஒரு வரி எழுதிவிட்டால், நூற்றாண்டுகளாக உண்டான தரை ஒரு வாரத்திற் புல்டோசரின் வாயிற் போய்விடும். எழுதுமுன் அவ்விடத்துக்கு நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். மரத்தை அண்ணாந்து பார்த்ததோடு நில்லாது, குனிந்து தரையையும் பார்த்தல் வேண்டும். சருகு கணுக்காலளவு கிடக்கின்றதா, அதன் கீழ் ஈரம் உண்டா, உக்கிய கட்டைகள் உளவா, ஓடை அவ்விடத்தில் ஊறுகின்றதா என்பவற்றை அறிக்கையிற் குறித்தல் வேண்டும். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஐயமிருப்பின், வனத் திணைக்களத்தாரை அழைத்துக் காட்டியபின் எழுதலாம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இவ்வெறும்பின் கதையைச் சொல்லலாம். பலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகர் கிலிமலேயைக் கடந்தே செல்கின்றனர். தாம் மிதித்துச் செல்லும் மண்ணின் அயலில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு குலத்தின் கடைசிக் கொழுந்து வாழ்கின்றது என்று அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அறிந்தவர் குப்பையும் தீயும் வைத்துவிட்டுப் போகார்.

யானையையும் சிறுத்தையையும் காக்க வேண்டும் என்றால் எவரும் ஒப்புவர். அவற்றின் உருவம் அவற்றுக்காகப் பேசும். எள்ளளவு எறும்புக்கு அந்த வாய்ப்பில்லை. ஆனால், யானை ஒரு காட்டை விட்டு மறு காட்டுக்குப் போகும். எறும்பு தன் சுள்ளியை விட்டு எங்கும் போக முடியாது. ஆதலால், ஒரு காட்டின் தரை கெடாமல் இருக்கின்றது என்பதற்கு யானையினும் எறும்பே நம்பத்தக்க சாட்சி. அச்சாட்சி இருக்குமிடத்தில் நீரூற்றும் இருக்கும். நீரூற்று உள்ளவரை கீழுள்ள வயலும் விளையும். இதனை நினைவிற் கொண்டு, காட்டின் சருகைக் காட்டுக்கே விட்டு, தத்தம் வேலியிற் சீமைக்கிளுவை நாட்டுவாராயின், கமக்காரர் தமக்கும் தம் பின் வருவோருக்கும் ஒருங்கே நன்மை செய்தோராவர்.